மாணாக்கர் சூட்டிய மணிமுடி
(மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் வாழ்வு)

ஆண்டுதோறும் செப்டம்பர்த் திங்கள் ஐந்தாம் நாள் வந்துவிட்டால் நல்லாசிரியர்களுக்கு விருது வழங்கும் விழாக்கள் நாடெங்கும் நிகழ்கின்றன. நடுவண் அரசு 1958 முதல் ஆசிரியர்களுக்குத் தேசிய விருது அளித்து வருகின்றது. 1962 முதல் அந்நாளே ஆசிரியர் நாளாகவும் ஆயிற்று. மேடையும் மாலையும் பொன்னாடையும் பாராட்டிதழும் ஆசிரியப் பெருமக்களுக்கு வேண்டியவையே. அவற்றைப் பெறும் தகுதி மிக்கவர் பலர் நம்மிடையே உளர். ஆயினும், ஒருவர் நல்லாசிரியர் என்று உரைக்கும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினா இவ்விழாக்களைக் காணும்போதெல்லாம் என் உள்ளத்தில் எழுவதுண்டு. வகுப்பறையில் கதவுக்கு அப்பால் நின்று பார்ப்பவர் அறிவது சிறிது. உள்ளே அமர்ந்து கேட்பவர் அறிவது பெரிது. இவ்வினாவுக்கு விடை தேடும்போது நினைவில் முன்வந்து நிற்பவர் சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் வாழ்ந்த திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் ஆவார்.

இவர் 1815-ஆம் ஆண்டு ஏப்ரல்த் திங்கள் ஆறாம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த சிற்றூர் ஒன்றில் தோன்றினார். தந்தையார் சிதம்பரம் பிள்ளை திண்ணைப் பள்ளிக்கூட ஆசிரியர். அவரே மைந்தருக்கு முதல் ஆசிரியரும் ஆனார். நெடுங்கணக்கும் நிகண்டும் அந்தாதியும் தந்தையின் வாயிலாகவே பிள்ளையவர்களின் செவியில் புகுந்தன. இளமையிலேயே தந்தையார் மறைந்தார். அதன்பின் பாடம் சொல்ல ஒருவரும் இல்லை. பணம் கொடுத்துப் படிக்க வழியும் இல்லை. அச்சு நூல்கள் அரிதாக இருந்த காலம் அது. ஒரு நூலைப் படிக்க வேண்டுமானால், முதலில் அதன் ஏடு எவர் வீட்டில் உள்ளது என்று அறிய வேண்டும். அவர் மனங்கனிந்து கொடுக்க வேண்டும். பின்னர் எழுத்தாணி கொண்டு தாமே படியெடுத்துக்கொள்ள வேண்டும். இத்தனையும் முடிந்தபின் பொருள் சொல்வார் ஒருவரைத் தேட வேண்டும்.

பிள்ளையவர்கள் தேடினார். திருச்சியில் இருந்தவர்களிடம் கேட்டார்; வந்து போனவர்களிடமும் கேட்டார்; சென்னைக்குச் சென்று காஞ்சிபுரம் சபாபதி முதலியார் போன்ற புலவர்களை அணுகிக் கேட்டார். தண்டியலங்காரத்தை அவர் கற்ற வரலாறு ஒன்றே அவருடைய கல்வி வேட்கைக்குப் போதிய சான்றாகும். அந்நூலில் வல்ல பரதேசி ஒருவர் தெருத்தெருவாய்ப் பிச்சையெடுத்து உண்டு வந்தார். எளிதில் சினங் கொள்ளும் இயல்பினர். அவர் பின்னே நடந்து, அவர் வேண்டியவற்றைத் தேடிக் கொடுத்து, அவர் மனம் நெகிழும் நேரம் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டுப் பிள்ளையவர்கள் அந்நூலைக் கற்றுக்கொண்டார். கல்வியைத் தேடிச் செல்பவன் அதனை உடையவனின் உடையையும் ஊரையும் பார்த்தல் ஆகாது என்பது நம் முன்னோர்க்கும் உடன்பாடான நெறியன்றோ!

இவ்வாறு தாம் அலைந்து கற்றதனாலோ என்னவோ, தம்மை நாடி வந்தவர் எவரையும் அவர் அலைய விட்டதில்லை. பொருள் பெற்றுப் பாடம் சொல்லும் வழக்கமே அவரிடம் இல்லை. தம் இல்லத்தில் இருந்த மாணாக்கர்க்கு உணவும் அவரே அளித்தார். ஏடு இல்லாதார்க்கு ஏடும் தேடிக் கொடுத்தார். சாதியும் சமயமும் கேட்டுப் பாடம் சொன்னாரல்லர்.

திருச்சியில் வாழ்ந்த காலத்திலேயே அவர் புகழ் காவிரியின் இருகரையிலும் பரவியது. பின்னர் அவர் மாயூரத்தில் குடிபுகுந்தார். திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு மகாவித்துவான் என்னும் பட்டம் அளித்துச் சிறப்பித்தது. அப்போது அவ்வாதீனம் சமய நிலையம் மட்டுமன்று. ஏடுகள் நிறைந்த நூலகமும், அறிஞர் கூடும் அவையும், மாணாக்கர் தங்கிப் படிக்கும் பள்ளியும் அதுவே. அதன் தலைவராக வீற்றிருந்த சுப்பிரமணிய தேசிகர் தமிழும் வடமொழியும் இசையும் அறிந்தவர். ஒரு கல்வி நிலையத்தின் தலைவர் எவ்வாறு இருக்க வேண்டும் என்பதற்கு அவர் நல்ல எடுத்துக்காட்டு. வந்தவர் தகுதியை அவரே நேரில் சோதித்தறிவார். அறிந்தபின் தயங்காது பாராட்டுவார்.

பிள்ளையவர்கள் பாடிய நூல்கள் எண்பதுக்கும் மேற்பட்டவை. தலபுராணங்கள் மட்டும் இருபதுக்கு மேல் வரும். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கலம்பகம், கோவை என அவர் தொடாத துறை இல்லை. அவர் சொல்லச் சொல்ல மாணாக்கர் ஒருவர் ஏட்டில் எழுதுவார். எழுதுபவர் கை சோருமே அல்லாமல் சொல்பவர் நா சோர்ந்ததில்லை. இத்துணை நூல்களையும் இன்று விரும்பி எடுத்துப் படிப்பவர் மிகச் சிலர் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுவதே நேர்மை. தமிழ் பயிலும் மாணவருள் சேக்கிழார் பிள்ளைத்தமிழை அறிந்தோர் சிலர் இருக்கலாம். ஏனையவை நூலகத்து அலமாரிகளில் உறங்குகின்றன. தலபுராணம் கேட்கும் காலம் மாறிவிட்டது. ஆனால் அவர் பாடல்களுக்கு நேர்ந்த மறதி அவர் பாடஞ் சொன்ன பெருமைக்கு நேரவில்லை. அதற்குக் காரணம் 1871-ஆம் ஆண்டில் மாயூரத்தில் அவர் வீட்டு வாயிலில் தந்தையாருடன் வந்து நின்ற ஓர் இளைஞர்.

உத்தமதானபுரம் வேங்கடராமன் என்னும் அவ்விளைஞருக்கு அப்போது பதினேழாம் வயது. வீட்டில் அவருக்குச் சாமிநாதன் என்றும் ஒரு பெயர் வழங்கியது. பிள்ளையவர்கள் அப்பெயராலேயே அழைக்க விரும்பினார். அன்று முதல் அதுவே நிலைத்தது. டாக்டர் உ.வே.சாமிநாதையர் என்று உலகம் அறியும் பெயர் ஆசிரியர் விரும்பித் தேர்ந்த பெயரே ஆகும். தொடக்கத்தில் பிள்ளையவர்கள் தாமே பாடம் சொல்லாமல், தம்மிடம் பயின்று வந்த சவேரிநாத பிள்ளை என்னும் மாணாக்கரிடம் அவரை ஒப்புவித்து நைடதம் கேட்கச் செய்தார். சவேரிநாத பிள்ளை கிறித்தவர். வைதிக அந்தணக் குடியில் பிறந்த இளைஞர் கிறித்தவ நண்பரிடம் தமிழ்க் காவியம் பாடங்கேட்டார் என்பதை நம் மாணவர்கள் ஒருகணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆயினும் ஆசிரியரிடமே நேரில் கேட்க வேண்டும் என்னும் ஏக்கம் சாமிநாதரை வாட்டியது. எவ்வாறு கேட்பது? அச்சம் தடுத்தது. பிள்ளையவர்களுக்குச் செடி கொடிகளின்மீது மிகுந்த விருப்பம். விடியற்காலையில் எழுந்து தோட்டத்தில் உலவி, எந்தச் செடி தளிர்த்திருக்கிறது என்று பார்ப்பது அவர் வழக்கம். இதனைக் கவனித்த சாமிநாதர் அவருக்கு முன்பே எழுந்து தோட்டத்துக்குச் சென்றார். புதிதாகத் துளிர் விட்ட இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, ஆசிரியர் வந்தபோது அவற்றைக் காட்டினார். இவ்வாறு நாள்தோறும் நிகழ்ந்தது. தளிர்களைக் காட்டக் காட்ட ஆசிரியர் உள்ளமும் தளிர்த்தது. அந்த நெருக்கத்தில் துணிவு பிறந்து, தமக்கு நேரே பாடம் சொல்ல வேண்டும் என்று சாமிநாதர் வேண்டிக்கொண்டார். பிள்ளையவர்கள் அன்போடு இசைந்தார். அது முதல் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் ஆசிரியர் சென்ற ஊர்களுக்கெல்லாம் அவரும் நிழல்போல் சென்று பாடங் கேட்டார்.

ஆசிரியரின் பெருமைகளுள் இத்தோட்டத்து நிகழ்ச்சியையே யான் தலையாயதாகக் கருதுகின்றேன். பெரும்புலவர் ஒருவர் தம் காலைப் பொழுதை ஓர் இளைஞனின் சிறு சூழ்ச்சிக்குத் திறந்து வைத்தார். அது சூழ்ச்சி என்பது அவருக்கு விளங்காமலா இருந்திருக்கும்? பின்வரிசையில் அமர்ந்து, கேட்க நினைத்ததைக் கேட்காமலே மூன்று ஆண்டுகளைக் கழித்துச் செல்லும் மாணவர் ஒவ்வொரு வகுப்பிலும் உளர். அவர்கள் தளிரைக் காட்டுவதற்கு நம்மிடம் ஒரு தோட்டம் இருக்கின்றதா என்று என்னையே யான் கேட்டுக்கொள்வதுண்டு.

பிள்ளையவர்களின் மாணாக்கர் வரிசையில் நம் சமுதாயம் உரிமையோடு நினைக்கத்தக்க பெயர் ஒன்று உண்டு. நாகூர் குலாம் காதிறு நாவலர் (1833–1908) அவர்களே அவர். நாகைத் திருத்தலத்துக்குப் புராணம் பாடிய பிள்ளையவர்கள், நாகையை அடுத்த நாகூரில் பிறந்த இம்முஸ்லிம் புலவருக்கும் இலக்கண இலக்கியங்களைப் பாடம் சொன்னார். புராணம் பாடும் கலையை ஆசிரியரிடம் கண்ட நாவலர் நாகூர்ப் புராணம் பாடினார். நாகூர்க் கலம்பகம் பாடினார். ஆரிபு நாயகம் என்னும் காவியம் இயற்றினார். ரெயினால்ட்ஸ் என்னும் ஆங்கில ஆசிரியரின் கதையைத் தழுவி உமறு பாஷா யுத்த சரித்திரம் என்னும் உரைநடை நூலை 1889-இல் வெளியிட்டார். பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவியபோது அதன் புலவர்களுள் ஒருவராய் விளங்கி, நான்காம் சங்கத்து நக்கீரர் என்று போற்றப்பெற்றார். சைவ ஆசிரியரிடம் கற்ற செய்யுள் நெறியை இஸ்லாமியப் பெரியார்களின் வரலாறு பாடப் பயன்படுத்திய நாவலருக்கு முன்மாதிரியும் இருந்தது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர், எட்டயபுரம் அரண்மனைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றவர் அல்லரோ? என் இளமையில் எங்கள் இல்லத்துப் பெரியவர்கள் நாகூர் நாவலர் பெயரைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமிதம் தொனிக்கும். அவருடைய ஆசிரியர் யார் என்பதை மட்டும் யான் கல்லூரிக்கு வந்தபின்பே அறிந்தேன்.

புதுவையைச் சேர்ந்த கிறித்தவரான சவராயலு நாயகரும் பிள்ளையவர்களின் மாணாக்கரே. மாயூரத்தில் முன்சீபாக விளங்கிய வேதநாயகம் பிள்ளை, பிரதாப முதலியார் சரித்திரம் எழுதியவர், அவருக்கு நெருங்கிய நண்பர். அவர்மீது பிள்ளையவர்கள் குளத்தூர்க் கோவை என்னும் நூலைப் பாடினார். சிவபக்தியில் ஆழ்ந்த ஒரு புலவர் கிறித்தவ நண்பரைப் பாட்டுடைத் தலைவராக்கிக் கோவை பாடியதை அக்காலத்தில் குறைகூறியவர்களும் இருந்தனர். அக்குறைகளை அவர் பொருட்படுத்தவில்லை. இவற்றைச் சொல்லும்போது, அக்காலம் இக்காலத்துச் சமத்துவ நெறியில் இயங்கியது என்று யாரும் மயங்க வேண்டா. உணவில், இருக்கையில் வேற்றுமைகள் இருந்தன; அந்தண மாணாக்கர்க்கு உணவு வேறிடத்தில்தான். அந்த வேலிகளையெல்லாம் பிள்ளையவர்கள் பிடுங்கி எறியவில்லை. பாடத்துக்கு மட்டும் அவர் வேலி போடவில்லை. அவர் காலத்துக்கு அதுவே பெரிது.

இனி, சொல்ல மனம் வருந்தும் பகுதி ஒன்று உண்டு. பட்டமும் சால்வையும் பெற்ற அப்பெரியார் வறுமையில் வாடினார். பாடிய நூல்களுக்குப் பரிசு வந்தது உண்மை, வந்தது நின்றதில்லை. மாணாக்கர் உணவுக்கும், வந்தவர் விருந்துக்கும், ஏடு வாங்கவும் அது கரைந்தது. மைந்தருக்குத் திருமணம் செய்த செலவும் கடனாய் ஏறியது. எண்ணெய்க்கும் தட்டுப்பாடான நாட்கள் அவ்வீட்டில் இருந்தன. கடன் கொடுத்தவர்களை நினைந்து அவர் கலங்கியதை உடனிருந்த மாணாக்கர் கண்டனர். வெளியூரார் கேட்டுக்கொண்டதன் பேரில் உடல் தளர்ந்த நிலையிலும் அவர் புராணம் பாடப் பயணம் மேற்கொண்டது வருவாய்க்காகவும்தான். அவரைப் போற்றிய செல்வர்கள் இருந்தனர். அவர்களுடைய போற்றுதல் அரங்கேற்ற நாளின் ஆரவாரத்தோடு பெரும்பாலும் முடிந்தது. ஆதீனத்தின் ஆதரவு ஒன்றே இடையறாது துணைநின்றது. ஆசிரியரைப் பாராட்டுவது எளிது, அவர் வீட்டு அடுப்பை நினைப்பது அரிது என்பது அந்நாளிலும் உண்மையாகவே இருந்தது.

1876-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் திருவாவடுதுறையில் பிள்ளையவர்கள் தம் அறுபத்தோராம் வயதில் உயிர் நீத்தார். அவர் இறுதி நேரத்தை ஐயரவர்கள் பின்னாளில் எழுதியிருக்கிறார். அமர இயலாத ஆசிரியரைச் சவேரிநாத பிள்ளை தம் மார்பில் சாய்த்துத் தாங்கிக்கொண்டார். ஆசிரியர் குறிப்பறிந்து சாமிநாதர் திருவாசகத்து அடைக்கலப்பத்தைப் படித்தார். தாங்கியவர் கிறித்தவர், படித்தவர் அந்தணர், பிரிந்தவர் வேளாளர். கடன் தீரவில்லை. மாணாக்கர் அருகில் இருந்தனர்.

ஆசிரியர் மறைந்து நான்காண்டுகள் கழிந்தன. அவருடைய மூத்த மாணாக்கரான தியாகராச செட்டியார் அப்போது கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். உடல்நலம் குன்றி ஓய்வு பெற விழைந்த அவர், தம் இடத்துக்கு உரியவர் சாமிநாதரே என்று முடிவு செய்து, திருவாவடுதுறைக்கு நேரில் வந்து சுப்பிரமணிய தேசிகரிடம் கேட்டார். மடத்தில் பாடம் சொல்லி வந்த சாமிநாதரைப் பிரிய தேசிகருக்கு மனமில்லை. எனினும் இளைஞரின் எதிர்காலம் கருதி இசைந்து, வாழ்த்தி அனுப்பினார். கல்லூரி முதல்வர் கோபால ராவ் செட்டியாரின் சொல்லை மதித்தார். ஆசிரியர் சிலர் புதியவரைப் பாடல்களால் சோதித்தும் பார்த்தனர். 1880 பிப்ரவரியில் ஐம்பது ரூபாய் ஊதியத்தில் சாமிநாதையர் கல்லூரி ஆசிரியரானார். தம் நாற்காலியைத் தம்மினும் இளையவருக்கு முன்னின்று வாங்கித் தந்த செட்டியார், வந்தவரை அனுப்பிவைத்த தேசிகர், தகுதி ஒன்றையே பார்த்த முதல்வர் ஆகிய மூவரில் ஒருவர் குறைந்திருந்தாலும் தமிழின் வரலாறு வேறு வழியில் சென்றிருக்கும். பின்னாளில் சென்னைத் திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்துக்கு ஐயரவர்கள் தியாகராச விலாசம் என்று பெயரிட்டு அந்நன்றியைச் சுவரிலேயே பொறித்துவைத்தார்.

கல்லூரியில் சேர்ந்த அதே ஆண்டு அக்டோபரில் நிகழ்ந்த சந்திப்பு ஒன்று பலரும் அறிந்தது. அப்போது கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், என்ன நூல்களைப் படித்திருக்கிறீர்கள் என்று ஐயரவர்களைக் கேட்டார். பிள்ளையவர்களிடம் கற்ற அந்தாதிகளையும் புராணங்களையும் அவர் வரிசையாகச் சொன்னார். முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்றார். அந்நூல்கள் பிள்ளையவர்களின் பாடத்தில் இல்லை. அது ஆசிரியரின் குறை என்று சிலர் எழுதுவதுண்டு. யானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணினேன். இப்போது அவ்வாறு எண்ணவில்லை. சிந்தாமணியின் ஏடுகளைத் தேடி, சமணப் பெரியோரிடம் பணிந்து ஐயம் கேட்டு, 1887-இல் அதனைப் பதிப்பித்த உழைப்பு எங்கிருந்து வந்தது? ஏட்டுச் சுவடியைத் தடையின்றிப் படிக்கும் பழக்கம் ஆசிரியர் வீட்டில் வந்தது. சமயம் பாராது அறிந்தாரிடம் சென்று கேட்கும் பழக்கமும் அங்கே வந்ததுதான். பரதேசியின் பின்னே தெருவில் நடந்த ஆசிரியரின் மாணாக்கர், சமணர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பாடங் கேட்டதில் வியப்பு ஒன்றும் இல்லை.

பத்துப்பாட்டும் புறநானூறும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் தொடர்ந்து வெளிவந்தன. ஐயரவர்கள் 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். 1906-இல் மகாமகோபாத்தியாயர் என்னும் பட்டமும், 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் அவரை வந்தடைந்தன. இத்துணைச் சிறப்பும் பெற்றபின், எழுபத்தெட்டு வயதில் அவர் மேற்கொண்ட பணி யாது? ஆசிரியரின் வரலாற்றை எழுதுதல். ஆசிரியர் மறைந்து ஐம்பத்தேழு ஆண்டுகள் கடந்திருந்தன. பழகியவர்களிடம் கேட்டவை, கடிதங்கள், தனிப்பாடல்கள், தம் நினைவில் தங்கியவை என எல்லாவற்றையும் திரட்டினார். ஸ்ரீ மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரம் 1933-இல் முதற்பாகமாகவும் 1934-இல் இரண்டாம் பாகமாகவும் வெளிவந்தது. அதில் புகழ் மட்டும் இல்லை. கடனும் கலக்கமும் உண்டு. உடன் பயின்றவர்களின் பெயர்களும் விடுபடவில்லை. நாகூர் நாவலரும் சவராயலு நாயகரும் சவேரிநாத பிள்ளையும் அந்நூலில் தத்தம் இடத்தில் இருக்கின்றனர்.

அதன்பின் 1940-இல் ஆனந்த விகடனில் ஐயரவர்கள் தம் சொந்த வரலாற்றை எழுதத் தொடங்கினார். என் சரித்திரம் என்று பெயர் கொண்ட அந்நூலிலும் பக்கம் பக்கமாக ஆசிரியரே நிற்கிறார். அது முடியும் முன் 1942 ஏப்ரல் 28-இல் ஐயரவர்கள் காலமானார். மணிமேகலைப் பதிப்பு வெளிவந்த காலத்தோடு கதை நின்றுவிட்டது. தம் கதையை முடிக்க அவருக்கு நாள் போதவில்லை. ஆசிரியர் கதையை எட்டு ஆண்டுகளுக்கு முன்பே எழுதி முடித்து அச்சிட்டுவிட்டார்.